இடையூறு இல்லாத வகுப்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் பருவம் முடிவதற்குள்ளேயே பெனிட்டாவுக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. அவளுக்குப் பாடம் நடத்தத் தெரியும். ஆசிரியையாக இருக்கத்தான் தெரியவில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் பள்ளி அது. ஒன்பதாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் அவள் அறிவியல் எடுத்தாள். திரையில் அமிலம், காரம் என்று எழுத ஆரம்பித்திருப்பாள். ஒருவன் தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்பான். இன்னொருத்திக்கு வயிற்றுவலி. வருகைப்பதிவு இன்னும் வரவில்லை என்று அலுவலகத்திலிருந்து மணிக்கட்டில் ஓர் அதிர்வு. பையனின் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று யாரோ ஒரு தாய் குரல் செய்தி அனுப்பியிருப்பாள். எல்லாவற்றையும் முடித்துத் திரும்பினால் பாடத்தை எங்கே விட்டோம் என்பது மறந்திருக்கும். பிள்ளைகள்தான் எடுத்துக்கொடுப்பார்கள். அதில் பாதிப் பேர் வேண்டுமென்றே தப்பாக எடுத்துக்கொடுப்பார்கள்.

நோட்டுத் திருத்தும் வேலை வீடுவரை வந்தது. சாப்பிடும்போதுகூட இடக்கை பக்கம் ஒரு கட்டு நோட்டு இருந்தது. மற்ற வகுப்புகள் முடித்திருந்த பாடங்களில் இரண்டை அவள் தொடக்கூட இல்லை.

தலைமை ஆசிரியை கனகமணி அவளை அறைக்கு அழைத்தபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். ஆனால் அந்த அம்மாள் அன்பாகத்தான் பேசினார்.

"உக்காருங்க பெனிட்டா. நேரமே பத்தல, அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"நேரம் பத்தும். உங்க மனசுதான் பத்தல. ஒரு இடையூறு வருது. அத முடிச்சிட்டு நீங்க பாடத்துக்குத் திரும்பிடுறீங்க. மனசு திரும்புறதில்ல. அந்தப் பிள்ளைக்கு வயித்துவலி எப்படி இருக்கோன்னு அங்கேயே நிக்குது. அந்த மிச்சந்தான் உங்க நேரத்தத் திங்குது."

மேசை இழுப்பறையிலிருந்து கனகமணி ஒரு சின்னப் பட்டையை எடுத்து வைத்தார். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அளவு. பிறகு தன் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினார். அவர் காதுக்குப் பின்னாலும் அதேபோல ஒன்று இருந்தது.

"இந்த வருஷந்தான் வந்திருக்கு. காலையில மாட்டிக்கிட்டு அன்னைக்குச் செய்யவேண்டியத மனசுக்குள்ள ஒருதடவ சொல்லிடுங்க. நடுவுல யாரு வந்தாலும் தாராளமா பேசுங்க, உதவி செய்யுங்க. முடிஞ்சதும் இத லேசா ஒருதடவ தொடுங்க. அந்த இடையூறு மனச விட்டுப் போயிடும். விட்ட வார்த்தையில இருந்து பாடத்தத் தொடரலாம்."

"மறந்துபோயிடுமா மேடம்?"

"மறக்கிறதுன்னு ஏன் சொல்றீங்க? பாடம், பிள்ளைங்க பேரு, வீடு, வாசல் எதையும் இது தொடாது. மனசப் பிடிச்சு இழுக்கிறத மட்டும் எடுத்துடும்."

"வீட்டுல போய் எதையாவது நெனச்சுக் கவலப்பட்டா?"

"மறுநாள் காலையில மாட்டுறப்ப நேத்தைய மிச்சத்தையும் தொடச்சிடும். புதுசா வகுப்புக்கு வரலாம்." கனகமணி சிரித்தார். "பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் இத வாங்கிட்டோம். போட்டுக்கிட்டா நல்லது. நீங்க இன்னும் நிரந்தரமாகல, பாருங்க."

பெனிட்டா போட்டுக்கொண்டாள்.

நல்லதாகவும்தான் இருந்தது. பாடம் ஓடியது. பேச்சு நடுவில் அறுந்தாலும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. யாரோ ஏதோ கேட்டார்கள், தான் ஏதோ சொன்னோம் என்ற மங்கலான உணர்வு மட்டும் இருக்கும். அதுவும் அடுத்த வாக்கியத்துக்குள் கரைந்துவிடும். நோட்டுகள் பள்ளியிலேயே திருத்தி முடிந்தன. விட்டுப்போன இரண்டு பாடங்களையும் பிடித்துவிட்டாள். ஆசிரியர் கூட்டத்தில் கனகமணி அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். வீட்டில் பக்கத்தில் நோட்டுக் கட்டு இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பயம் மெல்லத்தான் வந்தது.

ஒரு நாள் மாலை அவள் அம்மா வாசலில் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடிப்பாகத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

"ஏட்டி, உப்பளத்துக்கா போன?"

"நான் எதுக்கும்மா உப்பளத்துக்குப் போறேன்?"

"பின்ன இது என்ன, சீனியா?" அம்மா நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்புதான். முந்தாநாள் நடந்து வந்தியே, அப்பம் ஒட்டுனது. அழுதுகிட்டு வந்த. என்னன்னு கேட்டதுக்கு, காலையில சரிபண்ணிருவேம்மான்னு சொல்லிட்டுப் படுத்துட்ட. சரிபண்ணிட்டியா?"

பெனிட்டாவுக்கு அந்த மாலை ஞாபகம் இருந்தது. அம்மா ஊளி மீன் குழம்பு வைத்திருந்தாள். அது நன்றாக நினைவிருந்தது. அழுதது நினைவில் இல்லை. நடந்து வந்ததும் இல்லை. குழம்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பள்ளி வாசலில் பட்டையை மாட்டினாள். வகுப்புக்குள் நுழையும்போது மனம் துடைத்த பலகைபோல இருந்தது. அம்மா சொன்னதும் சேர்ந்து போயிருந்தது.

அந்தப் பயம் அவளிடம் நிலைத்து நின்றது, ஒரு வியாழக்கிழமை பட்டை செயலிழந்தபோதுதான். முந்தைய நாள் வீட்டில் மின்சாரம் இல்லாததால் அது சரியாகச் சார்ஜ் ஏறவில்லை. கடைசிப் பாடவேளையில் வகுப்பு இல்லாததால் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு இசக்கிப்ரியா கதவருகே வந்து நின்றாள். மெலிந்த பெண். எப்போதும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவள்.

"என்ன இசக்கி?"

"வேன் விஷயந்தான் டீச்சர்."

"எந்த வேன்?"

இசக்கிப்ரியாவுக்கு ஆச்சரியமே இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "ஸ்கூல் வேன் ஓட்டுத சுடலைமணி அண்ணன் வண்டி ஓட்டும்போதே தூங்கிருதாரு டீச்சர். ராத்திரி துறைமுகத்துல வேல பாக்குதாரு. நேத்து உப்பளத்து ரோட்டு வளைவுல வண்டி வரப்புல ஏறிட்டு. சின்னப் புள்ளைங்கல்லாம் உருண்டு விழுந்துட்டு."

பெனிட்டாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. "அடிப்பாவி! இத ஏன் முன்னாலயே சொல்லல?"

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சொன்னேன் டீச்சர்."

"யார்ட்ட?"

"உங்கட்டதான். வெயிலடிக்க ஆரம்பிச்சதுல இருந்து சொல்லுதேன். ஒவ்வொரு தடவையும் இப்பிடித்தான் பேனாவக் கீழ போடுவீங்க. அப்பறம் காதுகிட்ட தொட்டுட்டு, 'என்ன இசக்கி, நோட்டு கொண்டுவந்தியா'ன்னு கேப்பீங்க."

பெனிட்டாவின் விரல் தானாகவே காதுக்குப் பின்னால் போயிருந்தது. தொட்டும்விட்டாள். வழக்கமாக வரும் சின்ன அதிர்வு வரவில்லை. பட்டை செத்துக் கிடந்தது. இசக்கிப்ரியா சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்படியே உள்ளே நின்றது. பெனிட்டா சுட்டதுபோலக் கையைக் கீழே இறக்கினாள்.

"உங்க அம்மாட்ட சொன்னியா?"

"நீங்கதான் வேண்டாம்னீங்க. 'அம்மாவப் பயங்காட்டாத, நான் பாத்துக்கிடுதேன்'னீங்க. அதான் யாருட்டயும் சொல்லல."

பெனிட்டா நோட்டுகளை அப்படியே விட்டாள். எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்கு ஏறக்குறைய ஓடினாள். இசக்கிப்ரியா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தவள்போல.

கனகமணி முழுவதும் கேட்டார். முகம் வெளுத்தது. "ஐயோ!" என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "குழந்தைங்க போற வண்டிம்மா! இன்னைக்கே டிரைவர மாத்திடலாம். நீங்க பதறாதீங்க, நான் பாத்துக்கிறேன்."

பெனிட்டாவுக்கு உயிர் வந்தது. கையெடுத்துக் கும்பிடப்போனாள். அதற்குள் கனகமணியின் வலக்கை மேலே போயிற்று. விலகிய முடியைக் காதோரம் ஒதுக்கும் பெண்ணின் கைபோல, அவ்வளவு இயல்பாக. முகத்திலிருந்த கலக்கம் தண்ணீரில் விழுந்த மைபோலக் கலைந்தது. அவர் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க பெனிட்டா. மார்க் பதிவெல்லாம் முடிஞ்சுதா?"

பெனிட்டா மறுபடி சொன்னாள். அவசர அவசரமாக, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற. மறுபடி அதே "ஐயோ!" மேசை விளிம்பின் அதே இடத்தைப் பிடித்த அதே கை. "குழந்தைங்க போற வண்டிம்மா!"

"மேடம், காதத் தொடாதீங்க! தயவுசெஞ்சு தொடாதீங்க, அப்படியே ஃபோன் பண்ணுங்க..."

"எந்தக் காது?" என்றார் கனகமணி. புரியாமல் கேட்டுக்கொண்டே தொட்டார். "சொல்லுங்க பெனிட்டா."

அந்தப் புன்னகையில் கள்ளம் இல்லை. அதுதான் பெனிட்டாவை நடுங்க வைத்தது. எத்தனை முறை இந்த அறையில் இதே இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பதறியிருப்பார்கள்! அந்த அம்மாள் உண்மையாகவே பதறினார். தானும் உண்மையாகவே பதறியிருப்போம். மனதை எது அதிகமாகப் பிடித்து இழுக்கிறதோ அதைத்தான் அந்தப் பட்டை முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வெளியே கடைசி மணி அடித்தது. வேன் கிளப்பும் சத்தம் கேட்டது.

அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். இசக்கிப்ரியா ஏற்கெனவே ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்குமா டீச்சர்?" என்றார் சுடலைமணி, கண்ணாடி வழியாக. இமைகள் வீங்கிய, நல்ல முகம். பெனிட்டாவுக்கு அந்தக் கேள்வி உடனே உறைக்கவில்லை. ஒரு சின்னப் பையன் நகர்ந்து அவளுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தான். அவள் எங்கே உட்காருவாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

வண்டி ஊரைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலையில் இறங்கியதும் பிள்ளைகள் வேலையைத் தொடங்கினார்கள். ஒருத்தி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒரே குரலில் வாய்ப்பாடு கத்தினார்கள். "ஏழெட்டு எவ்ளோ அண்ணே?" என்று இசக்கிப்ரியா கேட்டாள். "அம்பத்தாறு," என்றார் அவர். "ஏழொம்பது?" பதில் வரவில்லை. தண்ணீர் அவர் பிடரியில் விழுந்தது. வண்டி சாலையின் ஓரம்வரை போய்த் திரும்பியது. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக நிறைந்த உப்புநீரில் கண் கூசியது. பெனிட்டா முன் இருக்கையின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். 

யாரும் அலறவில்லை. சின்னப் பிள்ளைகள்கூட அலறவில்லை. அவர்களுக்கு அது பழகியிருந்தது.

"ராத்திரி என்ன வேல அண்ணே?" என்று பெனிட்டா கேட்டாள், அவரைப் பேசவைப்பதற்காக.

"ஆளில்லா லாரில காவல் டீச்சர். அது பாட்டுக்குத் தானா ஓடும். நான் உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ண மூடுனா கேமரா பிடிச்சிரும், அன்னைக்குச் சம்பளம் போச்சு." அவர் சிரிக்க முயன்றார். "தானா ஓடுத வண்டில முழிச்சிருக்கேன். இதுல பாருங்க..."

"டீச்சர்," என்று இசக்கிப்ரியா திரும்பாமலே சொன்னாள், "போன வாரமும் இதத்தான் கேட்டீங்க. போன வாரமும் ஏறி வந்தீங்க. வளைவுகிட்ட எறங்கி வீடுவரைக்கும் நடந்தீங்க. காலையில போலீசுக்குப் போறேன்னு சொன்னீங்க."

பெனிட்டா அவள் பக்கமாக முன்னால் சாய்ந்தாள்.

"நாளைக்கு மறக்க மாட்டேன் இசக்கி. இத நான் மாட்டவே மாட்டேன்."

"அதையும் சொன்னீங்க டீச்சர். ஸ்கூல் வாசல்லயே மேடம் எடுத்துக் கையில குடுத்தாங்க, மாட்டிக்கிட்டீங்க." அவள் குரலில் குறை இல்லை. "ஒருநாள் கையில எழுதி வச்சீங்க. அடுத்த பீரியட்ல அதப் பாத்துட்டு, யாரு கிறுக்குனதுன்னு கழுவிட்டீங்க. பரவால்ல டீச்சர். நாங்க பாத்துக்கிடுதோம்."

நாங்க பாத்துக்கிடுதோம். பதினான்கு வயதுப் பெண். தண்ணீர்ப் புட்டியும் வாய்ப்பாடும் வைத்துக்கொண்டு ஒரு வண்டிப் பிள்ளைகளை வீடு சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெனிட்டா நாளையைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டாள். நாளை வருகிற பெனிட்டாவை அவளே நம்பவில்லை.

"இசக்கி, நல்லா யோசிச்சுச் சொல்லு. மேடத்துட்ட சொன்னேன். கையில எழுதுனேன். வண்டில வந்தேன். நான் இதுவரைக்கும் செய்யாதது எது?"

அந்தப் பெண் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கேள்வியை பெனிட்டா இதற்குமுன் கேட்டதில்லை போலும்.

"எங்கள எறக்கிவிட்டதில்ல டீச்சர்."

பெனிட்டா எழுந்து நின்றாள். "வண்டிய நிறுத்துங்க அண்ணே."

"டீச்சர், இது நட்ட நடு ரோடு..."

"நிறுத்துங்க!"

அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. வண்டி குலுங்கி நின்றது. சுடலைமணி திரும்பிக் கும்பிட்டார். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்றாதீங்க டீச்சர். வீட்டுல ஒத்தச் சம்பளம்."

"சாவியக் குடுங்க அண்ணே. உங்களுக்கும் சேத்துத்தான் கேக்குதேன்."

அவர் கொஞ்ச நேரம் சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கொடுத்தார். கடைசிப் பிள்ளை இறங்குவதற்குள் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தார்.

உப்புக் குவியலின் நிழலில் பிள்ளைகளை உட்காரவைத்தாள். பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டு எண்ணைச் சொல்லச் சொல்ல, அழைத்து நடந்ததை நடந்தபடியே சொன்னாள். ஓட்டுநர் தூங்குகிறார், வண்டி வரப்பில் ஏறியது, பிள்ளைகள் பலமுறை சொல்லியும் நான் மறந்துபோனேன், நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கள். போனில் சிலர் கத்தினார்கள். சிலர் அழுதார்கள். கத்தட்டும் என்றிருந்தது அவளுக்கு. இவர்கள் யாருடைய காதுக்குப் பின்னாலும் பட்டை இல்லை. நாளைக்கு அவள் மறந்தாலும் பள்ளி வாசலில் இத்தனை பேர் வந்து நிற்பார்கள். அவள் வேலை போகும். நன்றாகப் போகட்டும்.

பட்டையைப் பிய்த்து அருகிலிருந்த பாத்தியில் எறிந்தாள். உப்புநீரில் அது ஒரு முறை மினுங்கி அமிழ்ந்தது.   பக்கத்து அளத்திலிருந்து தலைத்துண்டோடு இரண்டு பெண்கள் ஓடிவந்து தங்கள் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தாள்.

யாரோ அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். ஆறாம் வகுப்பு லிங்கேஸ்வரி. வகுப்பில் அவள் குரலை ஒருநாளும் கேட்டதாக பெனிட்டாவுக்கு நினைவில்லை.

"டீச்சர், எங்க வீட்டுக்கும் ஃபோன் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்டா. அப்பாதான் எடுத்தாரு. இப்ப வந்திருவாரு, பயப்படாத."

அந்தக் குழந்தையின் முகம் மாறியது. "அப்பாட்ட அனுப்ப மாட்டேன்னீங்கள்ளா டீச்சர்? முதுகுல அடிச்ச தழும்பக் காட்டுனேம்லா? அத்த வீட்டுக்கு அனுப்பிருதேன்னு சொன்னீங்களே."

பெனிட்டா அவள் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் இல்லை. எந்த முதுகும், எந்தச் சொல்லும் நினைவில் இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னொரு பையன் எழுந்து நின்றான். "டீச்சர், என் விஷயமும் மறந்துட்டீங்களா?" என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளும் வாயைத் திறந்தாள்.

உப்பளச் சாலையின் கோடியில் தூசி கிளப்பிக்கொண்டு ஒரு பைக் வந்தது. லிங்கேஸ்வரி அவள் பின்னால் ஒளிந்தாள். பைக் வந்து நின்றது. ஒரு ஆள், காலை ஊன்றியபடியே, "ஏறு," என்றான்.

பெனிட்டா கையைப் பின்னால் நீட்டிக் குழந்தையின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இவ வர மாட்டா," என்றாள். "இவ என்கூட வாரா."